சத்தத்துக்குப் பிரசாவுரிமை

இராஜசிங்கம் இரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். பிறந்த குரல் அப்படி. அதற்கு அவரைப் பிழை சொல்ல முடியாது. சுவிஸில், டீட்டிகோன் என்ற ஊரில் ஒரு பெரிய பண்டகசாலையில் பாரந்தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். எந்த இயந்திரம் எப்படி இரைந்தாலும் அவர் ஒரு கூப்பாடு போட்டால் கடைசி மூலைக்கும் கேட்கும் என்பதால் அங்கே அவருக்குத் தனி மரியாதை. வேலை முடிந்து, பாடன் நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் தன் கிராமத்தில் பஸ்ஸால் இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். ஊர்ச் சதுக்கத்தில் மரத்துக்குக் கீழே கிடக்கும் வாங்கில் உட்கார்ந்து, ஃபோனை எடுத்து, ரொறொன்ரோவில் இருக்கும் பள்ளிக்கூடச் சினேகிதர் மரியதாஸோடு கதைக்கத் தொடங்குவார். அந்தக் குரலுக்கு ஃபோன் எதற்கு, சும்மா மேற்குப் பக்கம் திரும்பிக் கதைத்தாலே போதுமே என்பாள் அவர் மனைவி சிவமலர்.

இன்னொரு வியாதியும் அவருக்கு உண்டு. மைக் சும்மா நிற்பதைக் கண்டால் பொறுக்கமாட்டார். கோயில் கூட்டமோ தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவோ, "ரெண்டு வார்த்தை" என்று எழும்புவார். எங்கள் மேடைப் பேச்சின் சீர் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே என்று விளித்து முடிப்பதற்குள் குழந்தைகள் பசியில் அழத் தொடங்கிவிடும். இராஜசிங்கம் அதில் விண்ணர். பின்கட்டில் ரோல்ஸ் பொரிக்கிறவர் வரைக்கும் பேர் சொல்லி விளித்து, ஆளுக்கொரு குடும்ப விசேஷமும் சேர்த்துச் சொல்லி, விஷயத்துக்கு வருகிற நேரம் யாராவது மணியை அடித்துவிடுவார்கள். அவர் கடைசியில் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை சபைக்குத் தெரியாது.

மகள் மதுஜா இதையெல்லாம் கடைசி வரிசையில் குனிந்திருந்து கேட்டு வளர்ந்தவள். சூரிச்சில் சரித்திரம் படித்தாள். அந்த வருடம், 2012இல், பழைய கிரேக்கர்களின் ஊர்ச் சதுக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை யாருக்காவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தொடங்கினாள்.

"ஏதென்ஸில ஊருக்கு நடுவில ஒரு வெட்டவெளி, அப்பா. மீன் விக்கிறதும் அங்கதான், வழக்குப் பேசுறதும் அங்கதான், அரசியலும் அங்கதான். மீன் வாங்க வந்தவன் கதையில நிண்டு மீனை மறந்திட்டுப் போவான்."

"நாள் முழுக்கக் கதையோ?"

"ஓம்."

"அப்ப உவங்கள் எங்கட ஆக்கள்தான்" என்றார் இராஜசிங்கம், சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

மதுஜாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சபை கூடுற நேரத்திலயும் சனம் சதுக்கத்தில நிண்டு அலட்டிக்கொண்டே நிக்குமாம். அப்ப சிவப்புச் சாயம் தோய்ச்ச நீளக் கயித்தை ரெண்டு பக்கத்தாலயும் பிடிச்சுக்கொண்டு வந்து, எல்லாரையும் ஆடுமாடு மாதிரி ஒதுக்கிக்கொண்டு போவினம். உடுப்பில சிவப்புப் பட்டவன் பிந்தினவன். அவனுக்குத் தண்டம்."

"அந்தக் கயிறு இப்ப எங்க வாங்கலாம்?" என்று கேட்டாள் சிவமலர்.

இராஜசிங்கம் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தி, "வெளியில இருந்து வந்து அங்க இருந்த சனத்தையும் கயிறு போட்டு இழுத்தவங்களோ பிள்ளை?" என்றார்.

"இல்லை அப்பா. அவை கடை வைச்சிருக்கலாம், வரி கட்டோணும், சண்டைக்கும் போகோணும். ஆனா சபைக்குப் போகேலாது. கயிறு பிரசைகளுக்கு மட்டும்தான். மற்ற ஆக்களை ஆரும் தேடுறேல்லை."

"அப்ப எங்களை மாதிரி, இருக்கலாம் ஆனா வாக்கில்லாத சி பெர்மிட்காரர்" என்றார் அவர்.

பாதிச் சோற்றோடு எழும்பிக் கையைக் கழுவினார். அந்த வீட்டில் அது அபூர்வம். மதுஜா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தனியாக விண்ணப்பித்துச் சுவிஸ் பிரசை ஆனவள். அப்பாவும் அம்மாவும் 'பிறகு பார்ப்பம்' என்று இருந்துவிட்டார்கள். ஏன்தான் அந்தக் கயிற்றுக் கதையைச் சொன்னேனோ என்று அவளுக்கு மனம் சுட்டது. அடுத்த கிழமையே இராஜசிங்கம் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் இரண்டு பேருக்கும் விண்ணப்பம் எடுத்து வந்தார்.

பரீட்சை, நேர்முகம் எல்லாம் நடந்தது. சுவிஸ் ஏரிகளைப் பற்றிக் கேட்ட ஆணைக்குழுவுக்கு, கேட்காத ஏரிகளைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தார். இனி மிச்சம் ஊர்ச் சபை ஒன்றுதான். அந்தக் கிராமத்தில் இன்னாருக்குப் பிரசாவுரிமை கொடுப்பதா என்று ஊர்ச்சனம் கூடிக் கையை உயர்த்தித்தான் முடிவெடுக்கும். காரணம் சொல்லாமல் மறுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் யாராவது காரணத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன செய்வது?

கோடைகாலக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. மதுஜா குசினியில் நின்றபடி நிகழ்ச்சி நிரலைப் படித்தாள். கடைசி விஷயம், அப்பா அம்மாவின் பிரசாவுரிமை. அதற்கு முந்தினது, சதுக்கத்தில் மாலை வேளைகளில் எழும் சத்தம் பற்றி முறைப்பாடு வந்திருப்பதால் அங்குள்ள வாங்குகளை அகற்றுவது.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஆரின்ர சத்தம் எண்டு போட்டிருக்கோ?" என்றாள் சிவமலர்.

"போடேல்லை. போடத் தேவையுமில்லை."

இராஜசிங்கமும் படித்தார். படித்துவிட்டு மேசையில் அடித்தார். "உது உந்தப் பியர் குடிக்கிற பெடியளின்ர வேலை! அவங்கள் கத்துறதுக்கு என்ர வாங்கையோ கழட்டுறது? நான் எழும்பிக் கேக்கிறன்." பியர் குடிக்கிற பெடியன்கள் எப்போதாவது ஒரு நாள் வருவார்கள். அவர்களும் இவருடைய சத்தம் தாங்காமல் எழும்பிப் போய்விடுவார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று தாயும் மகளும் யோசித்தார்கள். சொன்னால் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார், அதுவும் அதே குரலில். பேசாமல் வாயைக் கட்டுவதுதான் வழி என்று தீர்மானமாயிற்று.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் விருந்தாளி. விருந்தாளிக்குக் கதைக்க உரிமை இல்லை. மைக் பக்கம் போகமாட்டன் எண்டு நல்லூர்க் கந்தன்மேல சத்தியம் பண்ணுங்கோ."

"மைக்கைத் தொடமாட்டன்" என்று இராஜசிங்கம் சத்தியம் பண்ணினார். மதுஜா அந்தச் சொல்லைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டிருக்கலாம்.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு ஊர்த் தலைவர் இருந்தார். தலைவருக்கு அந்தப் பக்கத்தில் அம்மன் என்று பதவிப் பெயர். வழுக்கையும் தொங்கு மீசையுமாக ஒரு அம்மன். பிரசைகள் வரிசையாகக் கதிரைகளில். விருந்தாளிகள் சுவரோரமாக, பிள்ளைகள் துள்ளி விளையாடும் நீள வாங்கில். இராஜசிங்கம் கோட் சூட்டில், சிவமலர் பட்டுச் சேலையில், கலியாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி அதில் ஒடுங்கி இருந்தார்கள். மதுஜா பிரசைகள் பக்கம். அவளுக்கு முன் கதிரையில் ஃப்ராவ் ஹுன்சிக்கர். சதுக்கத்துக்கு நேரே மேல்மாடியில் தனியாக இருக்கும் கிழவி. அவருடைய குட்டை நாய்க்குச் சட்டை, தொப்பி, கட்டி நடத்தும் கயிறு எல்லாமே அவர் கைப்பின்னல்தான். அன்றைக்கும் மடியில் சிவப்புக் கம்பளி நூலோடு பின்னிக்கொண்டே இருந்தார்.

வாங்கு விஷயம் வந்தது. அம்மன் வாசித்து முடித்து, "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்.

ஏதென்ஸிலும் சபை தொடங்கக் கட்டியக்காரன் இதே கேள்வியைத்தான் கேட்பான். அங்கே அடிபட்டுக்கொண்டு எழும்புவார்கள். இங்கே ஒரு சுவிஸ் மௌனம். எல்லாரும் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள். நடுவில் மைக் தன்னந்தனியாக நின்றது. மதுஜா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பசித்தவன் இலையைப் பார்ப்பது போல அவர் அந்த மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வாக்கெடுப்புக்கு" என்று அம்மன் தொடங்க, இராஜசிங்கம் எழும்பிவிட்டார். மைக் பக்கம் போகவில்லை, தொடவுமில்லை. நின்ற இடத்தில் நின்றே "வணக்கத்துக்குரிய" என்றார் ஜெர்மனில். கூடைப்பந்து வளையம் அதிர்ந்தது.

மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் தலை திரும்பியது. அந்தக் குரலை எல்லாருக்கும் தெரியும். ஒரு கூரைக்குக் கீழே கேட்டது அன்றைக்குத்தான். மதுஜா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

விருந்தாளி பேசுவதற்குச் சபை சம்மதிக்க வேண்டும் என்று அம்மன் சொல்லிப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. மறுப்பதானால் எழும்ப வேண்டுமே. இராஜசிங்கம் தொடர்ந்தார், எங்கள் மேடைச் சீரை ஒரு நூல் பிசகாமல் ஜெர்மனில் பெயர்த்து.

"இன்றைய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும், சென்ற மாதம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து இப்போது படியேறவும் தொடங்கியிருக்கும் கெமைண்டே அம்மன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும், ஆலங்கட்டி மழையில் செர்ரிப் பழமெல்லாம் பறிகொடுத்தும் மனம் தளராத ஹெர் வெர்ன்லி அவர்களே! மகளுக்குப் பாடனில் தொழிற்பயிற்சி கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் தீயணைப்புப் படைத் தலைவர் ஹெர் சூட்டர் அவர்களே! தன் அன்பு நாயின் பின்னங்காலைச் சுகமாக்கி அதை மறுபடி நடக்க வைத்திருக்கும் ஃப்ராவ் ஹுன்சிக்கர் அவர்களே!"

வரிசை வரிசையாகப் போனார். பஸ் சாரதி, பாண் சுடுகிறவர், இந்த மண்டபத்தைக் கூட்டுகிற பணியாளர். ஒருவரையும் விடவில்லை. வாங்கில் இருந்துகொண்டு, ஃபோன் கதைக்கு இடையில், போகிற வருகிற எல்லாரிடமும் சுகம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது அவ்வளவும். மதுஜா ஒரு கண்ணைத் திறந்தாள். வெர்ன்லி, இரண்டு கதிரை தள்ளி இருந்த சூட்டரிடம், "உன் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதா? எனக்குத் தெரியாதே" என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். சூட்டருக்கும் செர்ரி விஷயம் அப்போதுதான் தெரிய வந்தது போலிருந்தது.

அம்மன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடிக்க ஒரு மணி கொண்டுவர அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, பாவம், பழக்கமில்லை.

"ஆகவே" என்றார் இராஜசிங்கம். வாழ்க்கையில் முதல்தடவையாக விஷயத்துக்கு வந்தார். "சதுக்கத்தில் சத்தம் என்கிறீர்கள். யார் போடுகிறார்கள் என்று சொல்லுங்கள், நானே போய்க் கதைக்கிறேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான் அங்கேதான் இருக்கிறேன். எனக்கு ஒரு நாளும் ஒரு சத்தமும் கேட்டதில்லை!"

முதலில் பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. அம்மன் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டார். இராஜசிங்கமும் மரியாதைக்கு, விஷயம் விளங்காமல், கூடவே சிரித்தார்.

ஃப்ராவ் ஹுன்சிக்கர் பின்னலை மடியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "கேட்டிருக்காதுதான், ஹெர் ராயசிங்கம்" என்றார். ஜெர்மன் வாயில் அவர் பெயர் அப்படித்தான் வரும். "அந்தச் சத்தம் நீங்கள்தானே."

சிரிப்பு நின்றது. இராஜசிங்கம் மனைவியைப் பார்த்தார். சிவமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. மெல்ல உட்கார்ந்தார். அந்தப் பெரிய மனுஷன் சின்னதாகிப்போனதை மதுஜா பார்த்தாள். இதற்குப் பயந்துதானே இவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்தாள்.

வாங்குகளுக்கான வாக்கெடுப்பு நடந்தது. அகற்ற வேண்டாம் என்று நிறையக் கைகள் எழும்பின. அதைப் பார்க்கக்கூட அவர் நிமிரவில்லை. அடுத்தது அவர்களின் விஷயம். விண்ணப்பித்தவர்கள் வெளியே போக வேண்டும். இராஜசிங்கம் அடிமேல் அடி வைத்து, கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

"கேள்விகள் உண்டா?" என்றார் அம்மன்.

ஃப்ராவ் ஹுன்சிக்கர் எழும்பினார்.

"முறைப்பாடு எழுதியது நான்தான்" என்றார் கிழவி. "பின்னேரம் ஆனால் இந்த மனிதர் என் ஜன்னலுக்குக் கீழே இருந்து முழங்குகிறார். ஒரு நாள் அழுகிறார், ஒரு நாள் சிரிக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையோ ஏசுகிறார். வருடக்கணக்காக ஒரு நாடகம் நடக்கிறது, எனக்கு ஒரு சொல் விளங்காது. அதுவே பெரிய கொடுமை. சரி, போய் மெதுவாகப் பேசும் என்று சொல்லலாம் என்றால், வெளிநாட்டுக்காரரிடம் அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஊர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கும். அதனால்தான் கெமைண்டேக்கு எழுதினேன்." மூச்சு வாங்கினார். "சொந்த ஊர்க்காரர் என்றால் ஜன்னலைத் திறந்து நன்றாக ஏசலாம். ஆகவே இவருக்குப் பிரசாவுரிமை கொடுங்கள். நான் எவ்வளவு காலம் பொறுப்பது?"

உட்கார்ந்து மறுபடி பின்னத் தொடங்கினார்.

அம்மன் கையுயர்த்தச் சொன்னார். மதுஜா கையைத் தூக்கினாள். சுற்றிப் பார்த்தாள். வெர்ன்லியின் கை, சூட்டரின் கை, பாண் சுடுகிறவரின் கை, முன்னால் நூல்கண்டோடு ஒரு கை. எதிராக ஒரே ஒரு கை, ஊர் வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதுகிறவருடையது. போட்டிக்கு ஆள் வருகிறது என்று நினைத்தார் போலும்.

மதுஜா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நடைபாதையில் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கு நடுவே அப்பா இருந்தார்.

"பிள்ளை, நானோ சத்தம்?" என்றார். அவர் கிசுகிசுத்து அவள் கேட்டது அதுதான் முதல்தடவை.

"ஓம் அப்பா. ஆனா இனி நீங்கள் ஊர்ச் சத்தம்" என்றாள் மதுஜா. சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. சிவமலர் மட்டும், "நல்லூரானுக்குக் குடுத்த சத்தியம் என்ன மாதிரி?" என்று விசாரணையைத் தொடங்கினாள். "நான் மைக்கைத் தொடேல்லையே" என்றார் இராஜசிங்கம்.

சில நாள் அவர் வாங்கில் வாய் மூடி இருந்து பார்த்தார். மேல்மாடி ஜன்னல் திறந்தது. சுகமில்லையா என்று கிழவி கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி, ஒரு வித்தியாசத்தோடு: குரல் கூடினால் ஜன்னல் திறக்கும், ஏச்சு விழும், இவர் மேலே பார்த்து மன்னிப்புக் கேட்டு, அப்படியே அன்றைக்கு மரியதாஸ் வீட்டில் என்ன நடந்தது என்று ஜெர்மனில் சுருக்கமும் சொல்லிவிடுவார்.

மாநிலம், மத்திய அரசு என்று கடிதங்கள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அதற்குப் பிறகு வந்த மார்கழிக் கூட்டத்துக்கு இராஜசிங்கம் பிரசையாகப் போக வேண்டும். வெளிர் நிறக் காற்சட்டை புதிதாக வாங்கி, அதை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்தி மினுக்கி, வேளைக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டார். நேரத்துக்கு மண்டபத்துக்கு வந்த மதுஜாவும் சிவமலரும் பார்த்தால் ஆள் இல்லை. அம்மன் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டார். மதுஜா கோட்டைக்கூடப் போடாமல் சதுக்கத்துக்கு ஓடினாள்.

வாங்கடியில், ஈரப் பனிக்குள் நின்று, மரியதாஸுக்கு முழங்கிக்கொண்டிருந்தார். "ஓமடாப்பா, இண்டைக்குத்தான் முதல் வாக்கு! போகத்தான் வெளிக்கிட்டனான். அதுக்குள்ள உனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவமெண்டு..."

மதுஜா கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் எதிர்ப்படியால் ஃப்ராவ் ஹுன்சிக்கர் நாயோடு இறங்கி வந்தார். அவரும் பிந்திவிட்டார். "ஹெர் ராயசிங்கம்! எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள், நீங்கள் இங்கே நின்று என்ன அலட்டுகிறீர்கள்? நடவுங்கள்!" நாய்க்கு அவரைக் கண்ட சந்தோஷம் தாங்கவில்லை. அவரை ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றும் சுற்றியது. அதன் கயிறு, கிழவி கையால் பின்னிய சிவப்புக் கம்பளிக் கயிறு, பனியில் ஊறிச் சொட்டச் சொட்ட அவர் கால்களை வளைத்து இறுக்கியது. கிழவி மறுமுனையைப் பிடித்து, நாயை இழுப்பதாக நினைத்து அவரையும் சேர்த்து மண்டபத்துப் பக்கம் இழுத்தார்.

இராஜசிங்கம் குனிந்து பார்த்தார். புதுக் காற்சட்டையில் முழங்காலைச் சுற்றிச் சிவப்புச் சாயம். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மதுஜா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். ஃபோனில் மரியதாஸ் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார். இராஜசிங்கம் முதல்தடவையாக அவருக்குப் பதில் சொல்லாமல் ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

உள்ளே, மூன்று பேரும் ஒரு நாயும் வந்து இருந்தபின், அம்மன் வழக்கம்போல, "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். இராஜசிங்கம் எழும்பினார். சபை பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தது. சிலர் கோட்டைக் கழற்றினார்கள்.

"பிந்தி வந்ததற்கு மன்னிக்க வேண்டும்" என்றார். "நான் சதுக்கத்தில் நின்றேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் சிவமலர் அந்தக் காற்சட்டையை எதில் ஊறப்போடுவது என்று கேட்டாள். ஊறப்போடக் கூடாது என்று இராஜசிங்கம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.